காற்றுகள் சந்தித்த துறை

இந்துமகா சமுத்திரத்தையும் சீனக் கடலையும் இணைத்துக்கொண்டு, சுமத்ரா தீவுக்கும் மலாய் தீபகற்பத்துக்கும் நடுவே ஒடுங்கி ஓடுகின்ற ஜலசந்தியின் கரையில், ஒரு சிற்றாறு கடலோடு கலக்கும் இடத்தில் மலாக்கா நகரம் அமைந்திருக்கிறது. மேற்கிலிருந்து வருகிற மரக்கலங்களைத் தென்மேற்குப் பருவக்காற்று அங்கே கொண்டு சேர்க்கும். சீனத்திலிருந்து வருகிற கலங்களை வடகிழக்குப் பருவக்காற்று கொண்டு சேர்க்கும். வந்தவர்கள் ஊர் திரும்ப வேண்டுமானால் காற்று திசை மாறும்வரை மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அப்படிக் காத்திருந்த காலத்தில் அவர்கள் கிடங்கு கட்டினார்கள், கடன் கொடுத்தார்கள், கோயிலும் பள்ளிவாசலும் எழுப்பினார்கள், சிலர் அந்த ஊர்ப் பெண்களை மணந்து அங்கேயே நிலைத்தும் விட்டார்கள். மலாக்காவின் சரித்திரத்தைச் சொல்லப் புகுகிறவர்கள் போர்த்துகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என்று ஆண்டவர்களின் பெயர்களை வரிசைப்படுத்துவதே வழக்கம். ஆயினும் அந்த மூவருக்கும் முன்னதாக அந்நகரை ஆக்கியது இந்தக் காற்றும் இந்தக் காத்திருப்புமே என்பதை மனத்தில் இருத்திக்கொண்டால்தான், இன்று அங்கே காணக் கிடைக்கிற ஒவ்வொரு கல்லும் நமக்குப் பொருள்படும்.

கோலாலம்பூரிலிருந்து தெற்கே சுமார் 150 கிலோமீட்டர் தூரம். பேருந்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். தமிழ்நாட்டின் பல ஊர்களிலிருந்தும் வந்து சேர்ந்திருந்த யாத்திரைக் கோஷ்டி ஒன்றில் நானும் ஒருவனாக அங்கே சென்றேன். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், ஜவுளி வியாபாரம் செய்யும் ஈரோட்டுக்காரர் ஒருவர், புதிதாக மணமான தம்பதிகள், பேரப்பிள்ளைகளோடு வந்த பாட்டிமார் என்று எல்லா வயதினரும் அதில் இருந்தார்கள். வழிகாட்டியாக வந்தவர் மலேசியாவிலேயே பிறந்து வளர்ந்த தமிழ் இளைஞர். செஞ்சதுக்கம், குன்று, கோட்டை வாயில், மதிய உணவு, கடைவீதி, திரும்புதல் என்று அன்றைய நிகழ்ச்சி நிரலை அவர் வண்டியிலேயே வாசித்துக் காட்டினார். அந்த நிரலில் கஜா பெராங் என்னும் இடத்தின் பெயர் இல்லையே என்று நான் கேட்டபோது, "அங்க யாரும் போறதில்லீங்க ஐயா. எல்லாரும் சரின்னா, கடைத்தெருவுல ஒரு மணி நேரத்தக் குறைச்சுக்கிட்டு நான் கூட்டிட்டுப் போறேன்," என்றார். யாத்திரிகர்கள் பெரிய மனது பண்ணிச் சம்மதித்தார்கள். அன்றைய பகலின் சிறந்த பகுதி அந்தச் சம்மதத்தால் கிடைத்ததே என்பது என் அபிப்பிராயம்.

முதலில் நகரம் பிறந்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன். பலெம்பாங் நாட்டு அரசகுலத்தவனாகிய பரமேஸ்வரன் என்பவன், இன்றைய சிங்கப்பூராகிய தெமாசிக்கை விட்டு வெளியேறி, ஏறத்தாழ 1400-ஆம் ஆண்டு வாக்கில் இந்த ஆற்றங்கரையில் குடியேறினான். அடுத்த சில ஆண்டுகளுக்குள் சீன மிங் பேரரசின் கடற்படைத் தலைவரான செங் ஹோவின் பெருங்கலங்கள் இங்கே நங்கூரமிட்டன. 1411-ல் பரமேஸ்வரன் தானே சீனம் சென்று பேரரசரைக் கண்டு, அவரது ஆதரவோடு திரும்பினான். அவன் வழிவந்த சுல்தான்கள் வணிகர்களின் மனநிலையை நன்கு உணர்ந்தவர்களாக இருந்தார்கள். துறைமுக அதிகாரிகளாக நால்வரை நியமித்து, குஜராத்தியருக்கு ஒருவர், தமிழகக் கரையினர், வங்காளத்தார், பெகுவினர் முதலானோருக்கு ஒருவர், ஜாவா முதலிய தீவினருக்கு ஒருவர், சீனருக்கும் அவர் போன்ற கிழக்குத் தேசத்தாருக்கும் ஒருவர் என்று பகுத்துக் கொடுத்தார்கள். வந்து இறங்கிய வியாபாரி தன் மொழி அறிந்த அதிகாரியிடமே சென்று, கிடங்கு கேட்டு, சுங்கம் செலுத்தி, வழக்கிருந்தால் சொல்லலாம். மேற்கிலிருந்து வந்த சரக்குக்கு நூற்றுக்கு ஆறு என்று சுங்கம் நிலையாக இருந்தது. வியாபாரிக்கு வரி குறைவாக இருப்பதைக் காட்டிலும், அது எவ்வளவு என்று முன்கூட்டித் தெரிந்திருப்பது முக்கியம். அந்த நிச்சயத்தை மலாக்கா கொடுத்தது. 1512-க்கும் 1515-க்கும் இடையில் அங்கே தங்கியிருந்த தோமே பிரேஸ் என்னும் போர்த்துகீசிய மருந்தாளர், அந்தத் துறைமுகத்தில் 84 மொழிகள் பேசப்பட்டன என்று எழுதி வைத்திருக்கிறார்.

அந்த மொழிகளில் தமிழுக்குச் சிறப்பான இடம் இருந்தது. பழவேற்காடு முதல் நாகப்பட்டினம் வரையிலான நம் கரையில் நெய்து சாயமேற்றிய துணிகள் அங்கே நாணயத்துக்குச் சமமாக மதிக்கப்பட்டன. அவற்றைக் கொடுத்து ஜாதிக்காய், ஜாதிபத்திரி, கிராம்பு, சந்தனம், கற்பூரம், சீனத்துப் பட்டு ஆகியவற்றை வாங்கிக்கொண்டு நம் வணிகர்கள் திரும்பினார்கள். ஈரோட்டு ஜவுளிக்காரரிடம் இதை நான் சொன்னபோது, "துணிய எடுத்துக்கிட்டு இம்புட்டுத் தூரமா வந்தாங்க!" என்று வியந்தவர், அந்தக் காலத்தில் ஒரு கலத்தில் எத்தனை பொதி ஏற்ற முடியும், நனைந்தால் நஷ்டம் யாருடையது என்றெல்லாம் துருவித் துருவிக் கேட்கலானார். சரித்திர ஆசிரியர்கள் பலர் கேட்கத் தவறுகிற கேள்விகள் அவை.

செஞ்சதுக்கத்தில் வண்டி நின்றது. டச்சுக்காரர்கள் 1650-களில் தங்கள் ஆளுநருக்காகக் கட்டிய ஸ்டாட்ஹைஸ் மாளிகையும், 1741-ல் தொடங்கி 1753-ல் முடித்த கிறிஸ்து ஆலயமும் ஒரே செந்நிறத்தில் அங்கே எதிர்ப்படுகின்றன. நகரைக் கைப்பற்றிய நூறாம் ஆண்டு நினைவாக எழுந்த அவ்வாலயத்தின் உத்திரங்கள் ஒட்டின்றி ஒவ்வொன்றும் ஒரே மரத்தினின்று இழைக்கப்பட்டவை. அண்ணாந்து அவற்றைப் பார்ப்பதற்கென்றே உள்ளே போகலாம். இந்தச் செந்நிறம் டச்சுக்காரர்கள் பூசியதன்று. அவர்கள் காலத்தில் இவை வெண்மையாகவே இருந்தன. சதுக்கத்தின் நடுவே விக்டோரியா மகாராணியின் பெயரால் ஒரு நீரூற்றும், சீன வணிகக் குடும்பம் ஒன்று 1886-ல் அளித்த மணிக்கூண்டும் நிற்கின்றன. பூமாலைகளும் பொம்மைகளும் கட்டிய மூன்று சக்கர ரிக்‌ஷாக்கள் பாட்டு ஒலிக்கச் சுற்றி வந்துகொண்டிருந்தன. குழந்தைகளுக்கு அவற்றைவிட்டு வர மனமே இல்லை.

சதுக்கத்தின் பின்னாலுள்ள குன்றின்மேல் தூய பவுல் ஆலயம் கூரையிழந்து நிற்கிறது. நடுக்கடலில் உயிர் தப்பியதற்கு நன்றிக்கடனாக துவார்த்தே கோயல்யோ என்னும் போர்த்துகீசியக் கப்பல் தலைவர் 1521-ல் எழுப்பிய தேவாலயம் அது. 1548-ல் அது சேசு சபையாரின் வசமாயிற்று. கிழக்கு நாடுகளில் பிரயாணம் செய்த காலத்தில் பிரான்சிஸ் சவேரியார் இதைத் தம் தங்குமிடமாகக் கொண்டார். 1542 முதல் முத்துக்குளித்துறையில் பரதவ மக்களிடையே குடிசை குடிசையாக நடந்து ஊழியம் செய்த அதே சவேரியார்தாம் இவர் என்று சொன்னதும், எங்கள் கோஷ்டியில் இருந்த தூத்துக்குடி அம்மையார் ஒருவர் அங்கேயே மண்டியிட்டுவிட்டார். சீனக் கரையை அடுத்த ஒரு தீவில் 1552 டிசம்பரில் காலமான அந்த மகானின் உடல், கோவாவுக்குக் கொண்டுசெல்லப்படுவதற்கு முன்னால் 1553-ல் சுமார் ஒன்பது மாதகாலம் இந்த ஆலயத்தில் அடக்கமாகியிருந்தது. அந்தக் குழி இன்றும் கம்பியடைப்புக்குள் இருக்கிறது. சுவரோரமெங்கும் ஆள் உயரத்துக்கு மேற்பட்ட டச்சுக் கல்லறைப் பலகைகள் சாத்தி வைக்கப்பட்டிருக்கின்றன. கத்தோலிக்கரின் ஆலயத்தைக் கைப்பற்றிய பிராட்டஸ்டண்டு டச்சுக்காரர்கள், கீழே தங்களுக்கென்று புதிய கோயில் கட்டிக்கொண்ட பிறகு இதை இடுகாடாக்கினார்கள். அவர்களுக்குப் பின் வந்த ஆங்கிலேயர் இதில் வெடிமருந்தை அடுக்கினார்கள். மேட்டின் விளிம்பிலிருந்து பார்த்தால் ஜலசந்தி தெரிகிறது. முன்பு குன்றின் அடிவரை வந்த கடலை மண்கொட்டித் தூர்த்து வெகுதூரம் தள்ளிவிட்டார்கள்.

குன்றின் மறுபுறம் இறங்கினால் கோட்டையின் வாயில். வாயில் மட்டுந்தான், கோட்டை இல்லை. 1511 ஆகஸ்டில் அல்போன்சோ டி அல்புகர்க்கு மலாக்காவைப் பிடித்ததும், அங்கே இருந்த பள்ளிவாசலையும் சுல்தான்களின் கல்லறைகளையும் இடித்த கற்களைக் கொண்டே ‘அ பமோசா’ என்னும் கோட்டையை எழுப்பினார். ஒரு ஜனசமூகம் தொழுத இடத்தின் கல்லையும் அதன் மூதாதையர் உறங்கிய இடத்தின் கல்லையும் பிடுங்கி மதில் வைத்த செயலை, எத்தனை நூற்றாண்டுகள் கழிந்தாலும் என்னால் சாதாரணமாக வாசித்துவிட்டுப் போக முடிவதில்லை. 130 ஆண்டுகள் அந்த மதிலுக்குள் போர்த்துகீசியர் இருந்தார்கள். ஜோகூர் சுல்தானின் துணையோடு டச்சுக்காரர்கள் 1640-ல் முற்றுகையிட்டு, பசியாலும் கொள்ளைநோயாலும் ஊர் துவண்டபின் 1641 ஜனவரியில் உள்ளே புகுந்தார்கள். வாயிலின் நெற்றியில் 1670 என்று ஆண்டு பொறித்துத் தங்கள் கம்பெனியின் முத்திரையை வைத்தார்கள். 1795-ல் வந்த ஆங்கிலேயரோ, பினாங்கில் தாங்கள் நிறுவிய துறைமுகத்துக்கு மலாக்கா போட்டியாகிவிடும் என்றும், ஒருநாள் இதை டச்சுக்காரரிடம் திருப்பிக் கொடுக்க நேர்ந்தால் கோட்டையோடு கொடுக்கலாகாது என்றும் எண்ணி, 1807-ல் வெடிவைத்துத் தகர்க்கலானார்கள். அந்தக் காட்சியைச் சிறுவனாக நின்று பார்த்து, பின்னாளில் தம் சுயசரிதையில் எழுதிய முன்ஷி அப்துல்லா, மலாய் உரைநடையின் முன்னோடி என்று போற்றப்படுகிறவர். அவர் குடும்பத்தின் பூர்வீகத்தில் நாகூர் உண்டு, இளமையில் தமிழும் பயின்றவர் அவர். வீடு போன்ற மதிலெல்லாம் ஆகாயத்தில் பறந்ததைக் கண்ட அந்தச் சிறுவன், ஊரின் அழகே அன்றோடு போயிற்று என்று வருந்தினார். அடுத்த ஆண்டு மலாக்காவுக்கு வந்த ராபிள்ஸ் என்னும் ஆங்கிலக் கம்பெனி அதிகாரி, நகரைக் கைவிடலாகாது என்று மேலிடத்துக்கு எழுதினார். எஞ்சி நின்றது இந்த ஒரு வாயில்.

2006-ல் சுழல்கோபுரம் ஒன்று கட்ட அஸ்திவாரம் தோண்டியபோது, அந்தக் கோட்டையின் டச்சுக்காரர் காலத்துக் கொத்தளம் ஒன்றின் அடித்தளம் அகப்பட்டது. கோபுரத்தை வேறிடத்துக்கு மாற்றிவிட்டு, கொத்தளத்தைப் பழைய அமைப்பில் மறுபடியும் கட்டியிருக்கிறார்கள்.

மூன்று வல்லரசுகள் ஒன்றின்பின் ஒன்றாக இத்தனை ரத்தமும் பொருளும் செலவிட்டு இந்நகரைக் கைப்பற்றியதன் நோக்கம் இங்கே நடந்த வர்த்தகத்தைத் தமதாக்கிக்கொள்வதே. ஆனால் அந்த வர்த்தகம் கைப்பற்றியவர் கையில் நிற்கவில்லை. போர்த்துகீசியரின் கெடுபிடிக்கு அஞ்சிய முஸ்லிம் வணிகர்கள் ஆச்சே, ஜோகூர், பாந்தன் என்று வேறு துறைகளை நாடினார்கள். டச்சுக்காரர்களுக்கு ஜாவாவிலிருந்த பதாவியா தலைநகர். மலாக்கா அதற்குப் போட்டியாக வளர்வதை அவர்கள் விரும்பவில்லை. ஆங்கிலேயருக்கு 1786-ல் பினாங்கும் 1819-ல் சிங்கப்பூரும் வாய்த்தபின், 1824-ல் டச்சுக்காரரோடு செய்த உடன்படிக்கையில் சுமத்ராவிலுள்ள பெங்கூலுவைக் கொடுத்து மாற்றாக வாங்கிய மலாக்கா வெறும் பழம்பெருமையாக மிஞ்சியது. தானே விரும்பி வந்த வியாபாரியை மதில் கட்டி நிறுத்த முயன்றார்கள். ஆற்று நீரை இறுக்கிய கையில் பிடித்தது போலாயிற்று. இந்த வீழ்ச்சியினால் விளைந்த நன்மையும் ஒன்று உண்டு. புதுப் பணம் வந்து பழைய வீதிகளை இடிக்கவில்லை. ஆதலால் 2008-ல் பினாங்கின் ஜார்ஜ் டவுனோடு சேர்த்து உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ அறிவிக்கும் அளவுக்கு ஊர் அப்படியே கிடந்தது.

இந்தச் சரித்திரத்தில் நான் மறக்க முடியாத மனிதர் ஒருவர் உண்டு. போர்த்துகீசிய ஏடுகள் அவரை நினாச்சத்து என்று எழுதுகின்றன. தமிழ்க் கரையிலிருந்து சென்ற ஹிந்து வணிகர்; பல கலங்களுக்குச் சொந்தக்காரர். 1509-ல் முதன்முதலாக வந்த போர்த்துகீசியரில் சிலர் சிறைப்பட்டபோது அவர்களுக்கு உணவும் உதவியும் அளித்தவர். அதற்குக் கைம்மாறாக அல்புகர்க்கு அவரை அவருடைய இனத்தாருக்குத் தலைவராக, ‘பெண்டஹாரா’ என்னும் உயர்ந்த பதவியில் அமர்த்தினார். 1514-ல் அந்தப் பதவியைப் பறித்து கம்பார் நாட்டு அரசனுக்குக் கொடுக்க முடிவாயிற்று. அந்த அவமானத்தைத் தாங்காத நினாச்சத்து, மணம் கமழும் கட்டைகளை அடுக்கித் தீ மூட்டி, ஊரார் முன்னிலையில் அதில் புகுந்து உயிர் நீத்தார் என்று போர்த்துகீசியச் சரித்திரக்காரர்கள் சொல்லுகிறார்கள். அந்நியனுக்குச் செய்த உபகாரத்துக்கு இவ்வளவுதான் விலையா என்று நெஞ்சு பதறுகிறது. நாங்கள் நடந்த வீதிகளில் அவர் பெயர் தாங்கிய பலகை எதையும் நான் காணவில்லை. அவருக்கு ஒரு நினைவுக்கல் நிச்சயம் வேண்டும்.

மதிய உணவுக்குப் பிறகு ஆற்றுப் பாலத்தைக் கடந்து பழைய வீதிகளுக்குள் சென்றோம். முன்புறம் குறுகியும் உள்ளே நீண்டுகொண்டே போவதுமான வீடுகள். நடுவில் வானம் பார்த்த முற்றம். நம் செட்டிநாட்டு வீடுகளைக் கண்டவர்களுக்கு அந்த முற்றம் புதிதாகத் தோன்றாது. ஹீரன் தெரு என்று முன்னர் அழைக்கப்பட்ட வீதியின் ஒரு சிறகில் இருந்த வீடுகளுக்கு ஒரு காலத்தில் கொல்லைப்புறத்திலேயே கடல் இருந்ததாம். அதற்குச் சமீபத்திலுள்ள மற்றொரு தெருவில், சில எட்டு வைப்பதற்குள் மூன்று வழிபாட்டு ஸ்தலங்கள் வந்துவிடுகின்றன. 1781-ல் டச்சு அரசாங்கம் அளித்த நிலத்தில் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் கோயில். 1748-ல் மரத்தால் கட்டி 1872-ல் செங்கல்லால் புதுப்பித்த கம்போங் கிளிங் பள்ளிவாசல். பதினேழாம் நூற்றாண்டைச் சேர்ந்த செங் ஹூன் தெங் என்னும் சீனக் கோயில். பள்ளிவாசலின் கூரை மூன்று அடுக்காகக் கூம்புகிறது. மினாரோ சீனத்துப் பகோடாவைப் போல நிற்கிறது. தென்னிந்திய முஸ்லிம்கள் கட்டிய அந்தப் பள்ளியைப் பார்த்து, மூன்று தேசத்துக் கொத்தர்களும் ஒருங்கே வேலை செய்திருப்பார்களோ என்று வியக்கத் தோன்றுகிறது. விநாயகர் சந்நிதியில் பாட்டிமார் அரைமணி நேரம் அமர்ந்துவிட்டார்கள். அவர்களை எழுப்ப யாருக்கும் மனம் வரவில்லை.

அந்தக் கோயிலின் உரிமை மலாக்கா செட்டிகளைச் சேர்ந்தது. நிர்வாகத்தை நடத்தி வருபவர்கள் நாட்டுக்கோட்டை நகரத்தார். இவ்விரு சாராரையும் ஒருவரென்று கொள்ளலாகாது. நகரத்தார் பத்தொன்பதாம் நூற்றாண்டில் லேவாதேவிக்காக வந்தவர்கள். மலாக்கா செட்டிகளோ, சுல்தான்கள் காலத்திலேயே வந்து, உள்ளூர்ப் பெண்களை மணந்து அங்கேயே வேர் விட்ட தமிழ் வணிகரின் சந்ததியார். வர்த்தகம் நலிந்ததும் அவர்கள் நகர மத்தியை விட்டு விலகி, கஜா பெராங் பகுதியில் குடியேறி நிலத்தை உழுதார்கள். எங்கள் வண்டி பிற்பகலில் அங்கே போய்ச் சேர்ந்தது. சிறிய தெருக்கள், தாழ்ந்த வீடுகள், 1822-ல் கட்டிய ஸ்ரீ முத்துமாரியம்மன் கோயில், அவர்களுடைய வாழ்க்கையைக் காட்டும் ஒரு சிறு காட்சிசாலை.

அவர்கள் வீட்டில் பேசுவது மலாய் மொழியின் ஒரு வகை. பெண்கள் விசேஷ தினங்களில் அணிவது சரோங்கும் கெபாயாவும். பெயர்களோ பிள்ளை, ராஜா, நாயக்கர், படையாட்சி. கையெடுப்பது சிவனுக்கும் அம்மனுக்கும் விநாயகனுக்கும். பொங்கலுக்கு முந்திய போகியன்று முன்னோர்களுக்கு வாழையிலையில் பல வகை உணவு படைத்து வணங்குகிறார்கள். அந்த வழிபாட்டுக்குப் ‘பார்ச்சு’ என்று பெயர். அம்மனுக்கு ஆண்டுதோறும் எடுக்கும் பெருவிழாவை ‘தாத்தோ சச்சார்’ என்று மலாய்ப் பெயரிலேயே கொண்டாடுகிறார்கள். அம்மை நோயிலிருந்து ஊரைக் காக்கும் அதே மாரிதான் அவர்களுக்கும் தெய்வம். கோயில் வாசலில் நின்ற மூதாட்டி ஒருவரைப் பார்த்து, எங்கள் ஆசிரியை ஒருவர், "உங்க பூர்வீகம் தமிழ்நாட்டுல எந்த ஊரும்மா?" என்று கேட்டார். வழிகாட்டி அதை மலாயில் சொன்னார். மூதாட்டி சிரித்துக்கொண்டே நீண்ட பதில் ஒன்று சொன்னார். "இந்த ஊருதான் எங்க பூர்வீகம்னு சொல்றாங்கம்மா. பாட்டனுக்குப் பாட்டனும் இங்கதானாம். ஆனா கும்பிட வந்தவங்க வெறும் வயித்தோட போகக்கூடாதுன்னு பலகாரம் எடுத்துட்டு வரப் போறாங்க," என்றார் இளைஞர். தேங்காய்ப்பாலும் பனைவெல்லமும் சேர்ந்த அந்தப் பலகாரத்தை எல்லோரும் உண்டோம்.

ஒரு மொழியை இழந்தபின்னும் ஒரு சமூகம் தன் தெய்வத்தையும் தன் முன்னோரையும் இழக்காமல் இருக்கக்கூடும் என்பதை நான் புத்தகத்தில் படித்திருக்கிறேன். அன்றுதான் கண்ணெதிரே கண்டேன். அந்தக் குடியிருப்பைச் சூழ்ந்து நகரம் வளர்ந்துகொண்டே போகிறது. உயரமான கட்டிடங்கள் அதன் எல்லையை நெருங்கும்போதெல்லாம் அங்குள்ளோருக்குக் கவலை உண்டாவது இயல்பே. மக்கள்தொகையில் மிகச் சிறிய சமூகம் அது; இளைஞர் பலர் வேலைக்காகக் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போய்விடுகிறார்கள்; திருவிழாக்களுக்குத் திரும்பி வருகிறார்கள்.

மலேசிய யாத்திரைக்குப் பணம் கட்டுகிற தமிழ் வாசகர்கள், மலாக்காவுக்கு ஒரு பகல்தானே என்று விட்டுவிடாமல், புறப்படுமுன் ஏற்பாட்டாளரிடம் கஜா பெராங்கையும் நிகழ்ச்சி நிரலில் சேர்க்கும்படி கேட்க வேண்டும். காலையிலேயே குன்றின்மேல் ஏறிவிடுவது நல்லது. பத்து மணிக்கு மேல் வெயில் கடுமையாகிவிடுகிறது. மாரியம்மன் கோயிலுக்குச் செல்லுகிறவர்கள் அங்குள்ளோரைக் காட்சிப்பொருளாகப் புகைப்படம் பிடிக்காமல், உறவினர் வீட்டுக்குப் போகிறவர்களைப் போல முதலில் வணக்கம் சொல்லிவிட்டு, வீட்டாரின் அனுமதியோடு உள்ளே செல்லவேண்டும். காட்சிசாலையில் கொஞ்சம் காணிக்கையும் செலுத்தலாம். அந்தப் பணம் அவ்வூர்ப் பிள்ளைகளுக்குத் தங்கள் சரித்திரத்தைச் சொல்லிக் கொடுக்கப் பயன்படும்.